குதிகால் நாண் தைத்த பிறகு: எதற்கு ஓட வேண்டும், எதற்குப் பொறுத்திருக்க வேண்டும்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): டாக்டருக்கு வணக்கம். குமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கத்து மலையோர ஊரிலிருந்து எழுதுகிறேன். என் கணவருக்கு 44 வயது. ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. ஓணத்தையொட்டி ஊரில் நடந்த வடமிழுக்கும் போட்டியில் அவருடைய வலது குதிகாலுக்கு மேலே ‘டப்’ என்று சத்தம் கேட்டது. யாரோ பின்னாலிருந்து உதைத்துவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாராம். ஒரு வாரம் மருந்துக்கடை மாத்திரையில் ஓடியது. பிறகு எங்கள் ஊர் வர்ம ஆசான் தொட்டுப் பார்த்து, “இங்கே பள்ளம் விழுந்திருக்கிறது, இதை ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும்” என்றார். பனச்சமூடு வழியாகத் திருவனந்தபுரம் கொண்டுபோய் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுந்த குதிகால் நாணைத் தைக்க அறுவை சிகிச்சை செய்தோம். ஒன்பது வாரம் ஆகிறது. கால் அசையாமலிருக்க மாட்டியிருந்த பூட்ஸைக் கழற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் தையலின் அடிமுனையில் நெல்மணி அளவு ஓட்டை விழுந்து நீர் கசிகிறது; ஒருநாள் பச்சை நூல் நுனி போல ஏதோ தெரிந்தது. பாதத்தின் வெளிப்பக்கமும் சுண்டுவிரலும் மரத்துப் போயிருக்கின்றன. அந்தக் காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்க முடியவில்லை. அறுவையே தேவையில்லாமல் செய்துவிட்டார்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அவர் பேச்சைக் குறைத்துவிட்டார், சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. மூன்று நாளாகக் கெண்டைக்கால் கூடுதலாக வீங்கி வலிக்கிறது. ஆசானிடம் போய் முறிவெண்ணெய் போட்டுத் தடவிக்கொள்ளலாமா? எப்போது வெட்டுக்குப் போகலாம்? சர்க்கரை உண்டு, பீடியும் உண்டு.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கெண்டைக்கால் வீக்கத்தை நீங்கள் கடிதத்தின் முடிவில், எண்ணெய் தடவலாமா என்ற கேள்வியோடு சேர்த்து எழுதியிருந்தீர்கள். எனக்கு அதைத் தாண்டி எதையும் படிக்க முடியவில்லை. அதனால்தான் அன்றே தொலைபேசியில் அழைத்து, காலை யாரும் தொட வேண்டாம், இன்றே ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள் என்று சொன்னேன். ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருப்பது தெரிந்ததாகவும் மாத்திரை தொடங்கிவிட்டதாகவும் நீங்கள் செய்தி அனுப்பிய பிறகுதான் மற்றக் கேள்விகளுக்கு வந்தேன். உங்களுக்குச் சொன்னதை இங்கே திரும்பவும் எழுதுகிறேன். கெண்டைச்சதையைக் குதி எலும்போடு இணைப்பதுதான் குதிகால் நாண்; அது அறுந்த எல்லாருடைய வீட்டிலும் இது தெரிந்திருக்க வேண்டும்.

கெண்டைச்சதை சுருங்கும் ஒவ்வொரு முறையும் காலின் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. நாண் அறுந்து, மாவுக்கட்டிலும் பூட்ஸிலும் வாரக்கணக்கில் கால் அசையாமல் கிடக்கும்போது அந்தத் தள்ளல் நின்றுபோகிறது. ஓட்டம் மந்தமான ரத்தம் உறைகிறது. இது அபூர்வமானது அல்ல. நாண் அறுந்தவர்களுக்கு ஸ்கேன் செய்து தேடிய ஆய்வுகளில் மூன்றில் ஒருவர் அளவுக்குக்கூட உறைவு காணப்பட்டிருக்கிறது. அவர்களில் பலருக்கு வலியோ வீக்கமோ எதுவும் இல்லை. ஆபத்து என்னவென்றால், அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரல் ரத்தக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளலாம். வீங்கிய கெண்டைக்காலை அழுத்தித் தடவுவது அதற்கு வழி செய்துகொடுப்பது போலாகிவிடும். திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, தலை கிறுகிறுத்து விழுந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108ஐ அழைத்து நேரே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, அல்லது கேரள எல்லைக்கு அப்பால் எது அருகோ அங்கே கொண்டுபோங்கள்.

சாதாரண வீக்கமும் இருக்கும். அறுவை செய்த கால் ஒரு வருடம்வரைகூட மாலையில் வீங்கும். இரவு தலையணைமேல் உயர்த்தி வைத்துத் தூங்கினால் காலையில் வடிந்துவிடும். நல்லபடியாக வற்றிக்கொண்டிருந்த கால் புதிதாக வீங்குவது, காலையிலும் வடியாமல் இருப்பது, கெண்டைச்சதை இறுகிச் சூடாக இருப்பது, இவைதான் ஓட வேண்டிய அறிகுறிகள்.

ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையைப் பெரும்பாலும் குறைந்தது மூன்று மாதம் எடுக்க வேண்டியிருக்கும். வீக்கம் வற்றியதும் நாமாக நிறுத்தக் கூடாது. அதை எடுக்கும் காலத்தில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளையும் கடையில் வாங்கும் ஆஸ்பிரினையும் தவிர்க்க வேண்டும். வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். மலம் கறுப்பாகப் போனாலோ ஈறில் ரத்தம் நிற்காமல் வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். பல் பிடுங்கப் போனாலும் இந்த மாத்திரையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

அடுத்து, புண். இதற்கும் நீங்கள் இந்த வாரமே அறுவை செய்தவரிடம் போக வேண்டும். குதிகாலுக்கு மேலே கையை வைத்துப் பாருங்கள்: தோல், அதன் கீழே உடனே நாண். இடையில் சதையே கிடையாது, ரத்த ஓட்டமும் குறைவு. உடம்பில் தையல் போட்ட இடம் ஆறுவதற்குச் சிரமப்படும் பகுதிகளில் இதுவும் ஒன்று. அதன்மேல் சர்க்கரையும் பீடியும் சேர்ந்தால் சிரமம் பல மடங்கு. பச்சையாகத் தெரிந்தது பெரும்பாலும் நாணைத் தைத்த நூலின் முடிச்சாக இருக்கும். நாணைத் தைக்கக் கரையாத நூலைப் பயன்படுத்துவது வழக்கம்; அது உள்ளேயே காலத்துக்கும் இருக்க வேண்டியது. சிலருக்கு உடம்பு அந்த முடிச்சை ஏற்காமல் தோல்வழியாக வெளியே தள்ளப் பார்க்கும். மேலோட்டமான இடத்தில் அது மட்டும்தான் நடக்கிறது என்றால், நாண் கூடிய பிறகு ஊசிபோட்டு மரக்கவைத்து முடிச்சை எடுத்துவிடுவார்கள், ஓட்டை மூடிவிடும். ஆனால் அந்தச் சின்ன ஓட்டை நாண்வரை போகிறதா, உள்ளே சீழ் கோத்திருக்கிறதா என்பதை மேலே பார்த்துச் சொல்ல முடியாது. கிருமி நாணைப் பிடித்துவிட்டால் தைத்த இடமே கரைந்துபோகும். உள்ளே திறந்து கழுவ வேண்டிவரும், சில நேரம் வேறிடத்துத் தோலையும் சதையையும் கொண்டுவந்து மூட வேண்டிவரும். கசிவு கெட்டியாகி நாற்றமெடுத்தாலோ, சுற்றிலும் சிவந்து சூடேறினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போங்கள்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது சலைனால் கழுவி, சுத்தமான துணிக்கட்டு போடுவது மட்டுமே. நூலை இழுக்காதீர்கள், கத்தரிக்காதீர்கள். மஞ்சள், பவுடர், நுரைக்கும் மருந்து எதுவும் வேண்டாம். முக்கியமாக, மருந்துக்கடையில் புண்ணைக் காட்டி மாத்திரை கேட்காதீர்கள். இப்படிக் கேட்டால் பல கடைகளில் கைக்கு வருவது சிப்ரோஃப்ளாக்சசின். அதுவும் அதே குடும்பத்து லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் போன்றவையும் நாணையே பலவீனப்படுத்தி அறுந்துபோகச் செய்யக்கூடியவை. அதில் முதலில் அடிபடுவதும் குதிகால் நாண்தான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் இந்த மருந்துகளின் உறையில் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்க்க வைத்தது. நாண் தைத்த ஒருவருக்கு அதைக் கொடுக்கும் நிலைமை வந்தால், வேறு வழியே இல்லை என்று மருத்துவர் முடிவெடுத்த பிறகுதான் கொடுக்க வேண்டும். சளி, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல் என்று வேறெதற்குப் போனாலும் “எனக்குக் குதிகால் நாண் தைத்திருக்கிறது” என்று உங்கள் கணவர் சொல்லட்டும்.

பீடியைப் பற்றி நான் உபதேசம் செய்ய வரவில்லை. புகை தோலின் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. இந்தப் புண்ணுக்கு வரும் ரத்தமே அந்தக் குழாய்களில்தான் வருகிறது. புண் மூடும்வரையாவது நிறுத்தச் சொல்லுங்கள். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையை இந்தப் பயணத்திலேயே செய்துவிடுங்கள். சாப்பாட்டில், ஆட்டுக்கால் சூப்பைத் தினமும் தேடி அலைய வேண்டியதில்லை. உங்கள் ஊரில் மலிவாகக் கிடைக்கும் சாளை, நெத்திலி, முட்டை, பயறு இவற்றில் இருக்கும் புரதம்தான் புண்ணையும் சதையையும் கட்டும். மரச்சீனியும் சோறும் மட்டும் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், சதை ஏறாது.

மரத்துப்போன பாதத்துக்காக அவர் இரவெல்லாம் கவலைப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். இது பொறுத்திருக்க வேண்டிய விஷயம். கெண்டைக்காலின் பின்புறமாக இறங்கி, நாணின் வெளிவிளிம்பைக் கடந்து பாதத்தின் வெளிப்பக்கம் போகும் ஒரு நரம்பு உண்டு. அறுவையின்போது அது இழுபடலாம், நசுங்கலாம், சில நேரம் தையலில் சிக்கவும் செய்யலாம். அது தொடுவுணர்வுக்கான நரம்பு. பாதத்தை அசைக்கும் வேலை அதற்கு இல்லை. ஆகவே குதிகாலைத் தூக்க முடியாததற்கும் இந்த மரப்புக்கும் தொடர்பில்லை. நரம்பு வளர்வது நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் என்ற அளவில்தான். பலருக்கு மாதக்கணக்கில் உணர்வு திரும்பும். சிலருக்கு உள்ளங்கை அகலத்தில் ஓரிடம் மரப்பாகவே நின்றுவிடும், நாளடைவில் அது அவர்களைத் தொந்தரவு செய்வதில்லை. எரிச்சலும் மின்சாரம் பாய்வது போன்ற வலியும் தூக்கத்தைக் கெடுத்தால் சொல்லுங்கள், அதற்கு மருந்து இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. வெந்நீர் ஒத்தடமும் வெந்நீர்ப் பையும் அந்தக் காலுக்கு வேண்டவே வேண்டாம்.

இனி, நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இருவரும் பயப்படாத ஓரிடத்தில்தான் எனக்குப் பெரிய பயம். கணுக்கால் இறுகிப்போயிருக்கிறது, பாதத்தை மேல்நோக்கி மடக்க முடியவில்லை, அதனால் துண்டை விரல்களில் மாட்டித் தினமும் இழுத்துவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

குதிகால் நாண் உடம்பிலேயே தடிமனானது, சுமார் 15 சென்டிமீட்டர் நீளமுள்ளது. ஓடும்போது உடல் எடையைப் போல ஆறு, எட்டு மடங்கு பாரத்தைத் தாங்குகிறது. பெரும்பாலும் அறுவது குதி எலும்புக்கு மேல் 2 முதல் 6 சென்டிமீட்டருக்குள், ரத்த ஓட்டம் குறைந்த பகுதியில். தைத்தாலும் தைக்காவிட்டாலும் அந்த இடத்தை நிரப்புவது முதலில் மென்மையான தழும்புத் திசுதான். அது முதிர்ந்து இறுகுவதற்கு மாதங்கள் ஆகும். அதற்குள் இழுத்தால் அறுந்துபோகாமலேயே மெல்ல நீண்டுவிடும். வலிகூட இருக்காது, கணுக்கால் நன்றாக மடங்குகிறதே என்று சந்தோஷமாகக்கூட இருக்கும். ஆனால் கிணற்றுக் கயிறு இரண்டு முழம் கூடிப்போனால், எவ்வளவு சுற்றினாலும் வாளி தரையைவிட்டுக் கிளம்பத் தாமதமாவது போல, சதை சுருங்கி முடிந்த பிறகும் குதிகால் மேலே எழும்பாது. நீண்டுபோன நாணை உடற்பயிற்சியால் குறுக்க முடியாது. மறுபடியும் அறுவை செய்துதான் குறுக்க வேண்டும். அது முதல் அறுவையைவிடக் கடினமானது. இறுக்கமோ தானாகவே தளரும். நடக்க நடக்க, மாதங்கள் போகப் போக, கணுக்கால் வேண்டிய அளவுக்கு மடங்கிவிடும். இறுக்கமாக ஆறிய நாணுக்காக நான் இதுவரை வருந்தியதில்லை. நீண்டு ஆறிய நாணுக்காகப் பல முறை வருந்தியிருக்கிறேன்.

துண்டால் இழுப்பதைவிட மோசமான இழுப்பு வீட்டிலேயே வேறு இருக்கிறது: குந்தி உட்காரும் கழிப்பறை. குதிகால் தரையில் பதிய முழங்காலை மடக்கி உட்கார்ந்தால், முழு உடல் எடையோடு நாண் இழுபடுகிறது. எழும்போது இன்னொரு முறை. பூட்ஸ் கழன்றதும் அவர் பழைய கழிப்பறைக்குத் திரும்பிவிட்டதாக நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். மருந்துக்கடைகளிலும் அறுவைக் கருவிகள் விற்கும் கடைகளிலும் நடுவே ஓட்டையுள்ள நாற்காலி கிடைக்கும். கழிப்பறைக் குழியின்மேல் போட்டு உட்காரலாம். அறுவைக்குப் பின் ஆறு மாதம்வரை குந்தி உட்காருவது வேண்டாம். திண்ணையிலிருந்து குதிப்பது, தரையில் குந்திச் சாப்பிடுவது, சிரட்டை கழுவக் குந்துவது எல்லாம் இதில் அடங்கும்.

அடுத்தது செருப்பு. தட்டையான ரப்பர் செருப்பும் வெறுங்காலும் கூடாது. வீட்டுக்குள்ளும், இரவில் எழுந்து போகும்போதும்கூட, குதிகால் சற்று உயர்ந்த காலணி வேண்டும். பூட்ஸில் வைத்திருந்த குதிகால் ஆப்புகளைத் தூக்கி எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஒன்றைப் பின்பட்டை இறுக்கமான ஷூவுக்குள் வையுங்கள். இரண்டு கால்களிலும் வைத்தால் இடுப்பு சாயாது. மாதம் செல்லச் செல்ல உயரத்தைக் குறைக்கலாம்.

பிறகு வண்டி. மோட்டார் சைக்கிளைக் காலால் உதைத்துக் கிளப்புவது இந்த நாண் செய்யும் வேலைகளிலேயே மிக வன்மையானது, அதுவும் வலது காலில். அதை ஆறேழு மாதம் மறந்துவிட வேண்டும். பின்சக்கர பிரேக்கும் வலது பாதத்தில்தான் இருக்கிறது. அவசரத்தில் முழு பலத்தோடு அழுத்த முடியும் என்று பரிசோதித்த பிறகுதான் அவர் வண்டி ஓட்டலாம்.

தைத்த நாண் மறுபடி அறுவது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில்தான். அதிலும் பூட்ஸ் கழன்ற உடனே வரும் வாரங்கள் ஆபத்தானவை. கால் நன்றாகிவிட்டது என்று மனம் நினைக்கிறது, நாண் இன்னும் இளசாக இருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பது சரியாக அந்த வாரங்களில். வடகிழக்குப் பருவமழையில் செம்மண் சரிவு எப்படி வழுக்கும் என்று மலையோரத்தில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வழுக்கல், கவனிக்காத ஒரு படி, அது போதும். மறுபடியும் ‘டப்’ என்ற உணர்வோ, தையலுக்கு மேல் பள்ளமோ, இருந்த பலம் சட்டென்று போவதோ ஏற்பட்டால், கால் விரல்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மீண்டும் பூட்ஸை மாட்டி, பாரம் கொடுக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்க முடியவில்லை என்பது ஒன்பதாம் வாரத்தில் தோல்வியே அல்ல. பன்னிரண்டாம் வாரத்திலும் பலரால் முடிவதில்லை. இப்போது அதை முயன்று பார்ப்பதுதான் தவறு. நாண் கூடியிருக்கிறதா, நீண்டிருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. அவரைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, இரண்டு முழங்கால்களையும் செங்குத்தாக மடக்கச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து பாதங்களைப் பாருங்கள். நல்ல பாதம் விரல்கள் மேல்நோக்கிச் சற்று நீட்டியபடி நிற்கும். அறுவை செய்த பாதமும் ஏறக்குறைய அதே சாய்வில் நின்றால் நல்லது. அது தட்டையாக, தரைக்கு இணையாக விழுந்து கிடந்தால் கைபேசியில் படமெடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மாதம் ஒருமுறை இதே படத்தை எடுத்து வைத்தால் யாருடைய நினைவையும் நம்ப வேண்டியதில்லை.

பலத்தைக் கொண்டுவருவது இழுப்பதால் அல்ல, தூக்குவதால். புண்ணைப் பார்த்து மருத்துவர் அனுமதித்ததும், பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் இந்த வரிசையில் போகலாம். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து, பாதம் தரையில் இருக்கக் குதிகாலை மட்டும் உயர்த்தி மெல்ல இறக்குவது. சில நாளில் முழங்காலின்மேல் ஒரு சிறு அரிசிப் பையை வைத்துக்கொண்டு அதையே செய்வது. பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்று இரண்டு கால்களாலும் எழும்புவது, அதில் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக வலது காலுக்கு மாற்றுவது. அதன் பிறகு இரண்டு கால்களால் எழும்பி வலது காலால் மட்டும் இறங்குவது. ஒற்றைக் கால் எழும்புதல் அதற்கும் அப்புறம், நாலைந்து மாத அளவில். படியின் விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே தொங்கவிடும் பயிற்சியை யார் சொன்னாலும் இப்போது செய்யக் கூடாது. எத்தனை முறை செய்தார் என்பதோடு, குதிகால் எவ்வளவு உயரம் எழும்பியது என்பதையும் பாருங்கள். உயரம்தான் நாணின் நீளத்தைச் சொல்லும். இதெல்லாம் முடிந்தாலும் அந்தக் கெண்டைச்சதை மற்றதைவிடச் சற்று மெலிந்தே இருக்கலாம். வருடக்கணக்கில் அப்படி இருப்பவர்கள் நன்றாக வேலை செய்கிறார்கள்.

அறுவை தேவையில்லாமல் செய்யப்பட்டதா? உறவினர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அறுந்த சில நாளுக்குள் பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டுப்போட்டு, முறையாகப் பயிற்சி கொடுத்தால் அறுவையில்லாமலும் நாண் கூடும். நார்வேயில் நடந்து 2022இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஆய்வில், 526 பேரை ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அறுவை செய்தவர்களும் செய்யாதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தார்கள். ஆனால் மறுபடி அறுந்தது அறுவை இல்லாதவர்களில் 6.2 விழுக்காடு, அறுவை செய்தவர்களில் 0.6 விழுக்காடு. நரம்புப் பாதிப்பு அறுவை செய்தவர்களில் அதிகம். அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லாரும் அறுந்த மூன்று நாளுக்குள் வந்தவர்கள். உங்கள் கணவர் ஒரு வாரத்துக்கு மேல் கட்டுப் போடாமல் நடந்திருக்கிறார். அறுந்த முனைகள் விலகிப்போன பிறகு தைப்பது நியாயமான முடிவு. முதலில் கண்டுபிடிக்காமல் போனதற்கும் உங்களை நொந்துகொள்ளாதீர்கள். நாண் அறுந்தாலும் வேறு தசைகளின் உதவியால் பாதத்தை அசைக்க முடியும், நடக்கவும் முடியும்; அதனால் சுளுக்கு என்றே தோன்றும். ஐந்தில் ஒன்று முதல் பார்வையில் மருத்துவர்களுக்கே தப்பிவிடுகிறது. பள்ளத்தை விரலால் உணர்ந்து அனுப்பிவைத்த உங்கள் ஆசானுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

வேலைக்கு எப்போது? அவர் கேட்க விரும்பும் ஒரே கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். பேச்சு குறைந்ததும் இதனால்தான். கூலி நின்றுபோன வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு, ‘ஓய்வெடு’ என்று மட்டும் சொல்வது கொடுமை. தேதி தெரிந்தால் பாதி பாரம் இறங்கும். அறுவை செப்டம்பரில் நடந்திருக்கிறது. ஆறு மாதம் என்றால் மார்ச். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் இலையுதிர்த்து நிற்கும்போது பல தோட்டங்களில் வெட்டை நிறுத்திவைப்பது வழக்கம்தானே. மரம் தளிர்த்து மறுபடி வெட்டு தொடங்கும்போது அவரும் தொடங்கலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு நான் வைக்கும் நிபந்தனை: ஒற்றைக் காலில் பத்து முறையாவது, நல்ல கால் எழும்பும் உயரத்துக்குப் பக்கத்தில், குதிகால் எழும்ப வேண்டும். முதலில் சமதளத்து மரங்கள், பாதி எண்ணிக்கை. சரிவும் படிவரப்பும் இன்னும் இரண்டு மாதம் கழித்து. விடியுமுன் தலைவிளக்கு வெளிச்சத்தில் ஏறியிறங்கும் வேலை அது; மழை பெய்த மறுநாள் சரிவுக்குப் போக வேண்டாம் என்று தோட்டக்காரரிடம் முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. வடமிழுப்பு அடுத்த ஓணத்துக்கும் வேண்டாம்.

அதுவரை உட்கார்ந்து செய்யும் வேலை ஏதாவது கிடைக்குமா என்று பாருங்கள். ஒட்டுபால் தரம்பிரிப்பது, ஷீட் அடுக்குவது, கணக்கு எழுதுவது எதுவானாலும் சரி; ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும், ரத்த உறைவுக்கும் அது நல்லது. இரண்டு வாரத்துக்கு மேலும் சாப்பாடும் தூக்கமும் சரியாகாமல் இருந்தால், அல்லது வாழ்ந்து என்ன பயன் என்பதுபோல அவர் பேசினால், அதையும் மருத்துவரிடம் நேராகச் சொல்லுங்கள். கால் வைத்தியம் பார்க்கும் இடத்தில் மனத்தைப் பற்றிச் சொல்லத் தயங்க வேண்டாம்.

திருவனந்தபுரம் போகும்போது அறுவைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் தாள், டாப்ளர் அறிக்கை, இப்போது எடுக்கும் மாத்திரைகளின் அட்டைகள், சர்க்கரைப் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். உறைவுக்கு மருந்து தந்தவர் வேறு, காலில் அறுவை செய்தவர் வேறு. ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாமல் போகக் கூடாது. நூல் முடிச்சை எடுப்பதாக முடிவு செய்தால், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை எத்தனை நாள் நிறுத்துவது என்பதை அவர்கள் இருவரும்தான் பேசி முடிவெடுக்க வேண்டும்.

ஆசானின் கையை ஒரேயடியாக விலக்கச் சொல்லவில்லை. புண் முழுவதும் மூடி, உறைவுக்கான மருந்துக் காலம் முடிந்து, உறைவு இல்லை என்று ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்த பிறகு, தழும்பின்மேல் தோல் ஒட்டிக்கொள்ளாமலிருக்க விரல்நுனியால் எண்ணெய் தொட்டு மென்மையாகச் சுற்றித் தடவுவது நல்லது. கெண்டைச்சதையை மிதிப்பதும், பாதத்தைப் பிடித்து மடக்கி இழுப்பதும் ஒரு வருடம்வரை கூடாது. இந்தப் பதிலை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். பள்ளத்தைக் கண்டுபிடித்தவருக்கு இதன் காரணம் புரியும்.